உருகாத வெல்டிங்கும் ஏழு கட்டங்களும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், மிஷூ என்ற இடத்தில், நாசாவின் ராக்கெட் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே சுமார் 52 மீட்டர் உயரத்தில் ஓர் இயந்திரம் நிற்கிறது. நிலவுப் பயணத்துக்கான எஸ்.எல்.எஸ். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகளை இணைப்பது அதன் வேலை. தொட்டியின் குறுக்களவு 8.4 மீட்டர். உள்ளே மைனஸ் 253 டிகிரி குளிரில் சுமார் 20 லட்சம் லிட்டர் திரவ ஹைட்ரஜன் நிற்க வேண்டும். தையல் எங்காவது ஒரு மயிரிழை விட்டாலும் ஆபத்து. அப்படிச் செய்த தொட்டியோடு 2022 நவம்பர் 16 அன்று ஆர்ட்டெமிஸ் 1 என்ற பயணத்தில் அந்த ராக்கெட் விண்ணுக்குப் போனது.

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? அந்தத் தையல்களைப் போட்டபோது உலோகம் உருகவே இல்லை. தீப்பொறி பறக்கவில்லை, கண்கூச வைக்கும் வெளிச்சம் இல்லை, வெல்டிங் ராடும் இல்லை. சுழலும் ஒரு கருவி அலுமினியத்தைத் தேய்த்து, இளக்கி, கிளறி, ஒன்றாக்கிவிட்டது. தொழிற்சாலைகளில் இதை ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்பார்கள். நாம் உராய்வுக் கிளறல் வெல்டிங் என்று சொல்லிக்கொள்வோம்.

இந்த வெல்டிங் நடக்கும்போது உள்ளே என்ன ஆகிறது என்று யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. கருவி மேலே மூடிக்கொண்டிருக்கிறது, கீழே திண்ணென்ற உலோகம். அப்படியானால் விஞ்ஞானிகள் எப்படிப் பார்க்கிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கின் முதல் படியை நீங்களே, ஒரு தாளும் பென்சிலும் வைத்து, இன்று மாலையே போட்டுவிடலாம்.

அலுமினியம் ஏன் அடம் பிடிக்கிறது?

இரும்பை வெல்டிங் செய்யும் பட்டறை எல்லா ஊரிலும் உண்டு. அலுமினியத்தை அதே மாதிரி செய்யப் போனால் மூன்று தொல்லைகள் வரும்.

முதலாவது, அலுமினியத்தின் மேல் எப்போதும் அலுமினியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் இருக்கும். தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மேலே உள்ள படலமோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். இரண்டாவது, உருகிய அலுமினியம் ஹைட்ரஜன் வாயுவை இழுத்துக்கொள்ளும். மறுபடி உறையும்போது அந்த வாயுவுக்கு இடமில்லாமல் போய், உள்ளே நுண்ணிய குமிழ்களாகச் சிக்கிக்கொள்ளும். மூன்றாவது, விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் பயன்படும் வலுவான அலுமினியக் கலவைகள் சில, உறையும்போதே விரிசல் விட்டுவிடும். 7075 என்ற கலவை அப்படிப்பட்டது. அதனால்தான் விமானங்களில் நீண்ட காலமாக வெல்டிங்குக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை அடித்து வந்தார்கள்.

மூன்று தொல்லைகளையும் இன்னொரு முறை படியுங்கள். எல்லாம் உருகுவதாலும் உறைவதாலும் வருபவை. உருக்காமலேயே இணைத்துவிட்டால்?

தோளும் முளையும்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே டி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே வேலை செய்த வேய்ன் தாமஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991-இல் இந்த முறையைக் கண்டுபிடித்தார்கள்.

கருவி எளிமையானது. கெட்டியான எஃகு உருளை ஒன்று. அதன் அடிப்பகுதி தட்டையாக அகன்றிருக்கும், அதற்குத் தோள் என்று பெயர். தோளின் நடுவிலிருந்து ஒரு சிறு முளை கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அலுமினியத் தகடுகளையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்து, அசையாமல் இறுகப் பிடிக்க வேண்டும். கருவியைச் சுழலவிட்டு, முளையை அந்த இடுக்கில் அழுத்தி இறக்க வேண்டும். தோள் தகட்டின் மேல்பரப்பைத் தொட்டு உராயும்போது உலோகம் சூடேறி இளகும். பிறகு கருவியைக் கோட்டின் வழியே மெல்ல நகர்த்தினால், இளகிய உலோகம் முளையைச் சுற்றிப் பின்னால் போய் அடைந்து, அப்படியே இறுகிவிடும்.

வெப்பநிலை பெரும்பாலும் 400 முதல் 500 டிகிரி வரை போகும். 6061 என்ற கலவை உருகத் தொடங்குவது 582 டிகிரியில். ஆக, உருகும் எல்லைக்குச் சற்றுக் கீழேயே வேலை முடிந்துவிடுகிறது.

முதலில் இதைப் பயன்படுத்தியது ராக்கெட் அல்ல. 1990-களின் நடுவில் ஸ்வீடனின் சாப்பா நிறுவனம், படகுகளில் மீனை உறையவைக்கும் அலுமினியப் பலகைகளை இப்படி இணைத்தது. பிறகு கப்பல் தளங்களுக்கும் ஜப்பானின் ஷிங்கான்சென் ரயில் பெட்டிகளுக்கும் இது வந்தது. 2012-இல் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் கணினியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்க இதே முறையைக் கையாண்டது.

எத்தனை வேகம்? எவ்வளவு அழுத்தம்?

கருவி எத்தனை வேகமாகச் சுழல வேண்டும்? எத்தனை வேகமாக நகர வேண்டும்? எவ்வளவு அழுத்த வேண்டும்? முளை எந்த வடிவில் இருக்க வேண்டும்? இவற்றில் ஒன்று பிசகினாலும் தையல் கெட்டுவிடும்.

ஒரு கருவி நிமிடத்துக்கு 600 முறை சுழன்றுகொண்டே நிமிடத்துக்கு 120 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 600-ஆல் வகுத்தால் 0.2. ஒவ்வொரு சுற்றுக்கும் கருவி 0.2 மில்லிமீட்டர் முன்னேறுகிறது. தையலின் மேல்பரப்பில் அரைவட்ட வரிகள் அதே 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் பதிந்திருக்கும்.

நகர்வை அதிகமாக்கினால் உலோகம் போதிய அளவு சூடாகாது. முளைக்குப் பின்னால் இடம் நிரம்பாமல், தையலுக்குள் சுரங்கம் மாதிரி ஒரு துளை நீளமாக ஓடும். மேலிருந்து பார்த்தால் தையல் அழகாகவே தெரியும்! சுழற்சியை அதிகமாக்கினால் உலோகம் மிகவும் இளகி, தோளின் ஓரத்தில் பிதுங்கி வெளியே வழியும்.

சரியான எண்ணைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் தகட்டை வெல்டிங் செய்து, அறுத்து, நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆனால் ராக்கெட் தொட்டியை அறுத்து அறுத்துப் பார்க்க முடியுமா? முதலில் கணினியில் நூறு முறை வெல்டிங் செய்து பார்த்துவிட்டு, தேறியதை மட்டும் உலோகத்தில் செய்தால் பணமும் காலமும் மிச்சம். கணினிக்குள் நடக்கும் அந்த வெல்டிங்குக்குத்தான் கணினி மாதிரி என்று பெயர்.

ஏழு கட்டங்கள் வரையுங்கள்

இப்போது தாளை எடுங்கள். வரிசையாக ஏழு கட்டங்கள் வரையுங்கள். இது உங்கள் அலுமினியத் தகடு. ஒவ்வொரு கட்டத்திலும் எழுதப்போகும் எண், அந்த இடம் அறை வெப்பத்தைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதைக் காட்டும். நடுக் கட்டத்தை மட்டும் சூடாக்குவோம்.

0, 0, 0, 400, 0, 0, 0

சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு விதியாக்குவோம். ஒரு கட்டத்தின் எண்ணை இரண்டால் பெருக்கு. அதோடு இடப்பக்கத்து எண்ணையும் வலப்பக்கத்து எண்ணையும் கூட்டு. வந்ததை நான்கால் வகு. அதுதான் அந்தக் கட்டத்தின் புதிய எண்.

நடுக் கட்டத்துக்குப் போடுங்கள்: 400-ஐ இரண்டால் பெருக்கினால் 800. இரு பக்கமும் 0. நான்கால் வகுத்தால் 200. பக்கத்துக் கட்டத்துக்கு: அதன் எண் 0, ஒரு பக்கம் 400, மறுபக்கம் 0. நான்கால் வகுத்தால் 100. இப்படி எல்லாக் கட்டங்களுக்கும் போட்டால் அடுத்த வரி கிடைக்கும்.

0, 0, 100, 200, 100, 0, 0

அதே விதியை மறுபடியும் போடுங்கள்.

0, 25, 100, 150, 100, 25, 0

நடுவில் குறைகிறது, ஓரங்களில் ஏறுகிறது. ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பாருங்கள். எப்போதும் 400 வரும். வெப்பம் பரவுகிறதே தவிர, காணாமல் போகவில்லை. ஆற்றல் அழியாது என்று பாடப்புத்தகத்தில் படித்ததை உங்கள் பென்சிலே இப்போது காட்டிவிட்டது.

அடுத்து, கருவியை நகர்த்துவோம். மூன்றாம் கட்டத்தில் 400 வையுங்கள். விதியை ஒரு முறை போட்டால் 0, 100, 200, 100, 0, 0, 0 என்று வரும். கருவி நான்காம் கட்டத்துக்கு வந்துவிட்டது, அங்கே 400 கூட்டுங்கள். அது 500 ஆகும். மறுபடி விதி. இப்போது வரி இப்படி இருக்கும்: 25, 100, 250, 300, 125, 0, 0. கருவி ஐந்தாம் கட்டத்துக்கு வருகிறது, அங்கேயும் 400 கூட்டுங்கள்.

25, 100, 250, 300, 525, 0, 0

கருவி நிற்பது 525 டிகிரியில். அதற்கு முன்னால் உள்ள கட்டம் 0. பின்னால் உள்ள கட்டம் 300! உண்மையான வெல்டிங்கிலும் இப்படித்தான். கருவிக்கு முன்னால் வெப்பம் சட்டென்று குறைந்துவிடும், பின்னால் வால் மாதிரி நீண்டு கிடக்கும். உலோகத்தைத் தொடாமலே இந்த உண்மையைக் கண்டுவிட்டீர்கள்.

நகரும் சூட்டைப் பற்றிய கணக்கு கணினிகள் பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. டேனியல் ரோசந்தால் என்பவர் 1940-களிலேயே அதற்குச் சமன்பாடுகள் எழுதினார். உராய்வுக் கிளறல் வெல்டிங் பிறந்தபோது அதன் வெப்பக் கணக்குக்கு ஓர் அடித்தளம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

எத்தனை வரிகள் தேவை?

உங்கள் கட்டம் ஒரு மில்லிமீட்டர் அகலம் என்றும் தகடு 6061 கலவை என்றும் வைத்துக்கொண்டால், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக ஆகும் நேரம் சுமார் 0.0036 வினாடி. ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 280 வரிகள். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள தையல், நிமிடத்துக்கு 120 மில்லிமீட்டர் வேகத்தில், முடிய 150 வினாடி. ஆக 42,000 வரிகள்.

உண்மையான தகட்டுக்கு நீளம் மட்டுமா உண்டு? அகலமும் தடிமனும் இருக்கின்றன. 300 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் என்றால் 3,60,000 குட்டிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் 42,000 முறை. பெருக்கினால் 1,512 கோடி கணக்குகள். முப்பரிமாணத்தில் நேரத்தில் இதைவிடச் சிறிய அடி வைக்க வேண்டியிருக்கும், அதனால் எண்ணிக்கை இன்னும் ஏறும். பென்சிலை வைத்துவிட்டுக் கணினியைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். கணினி புதிதாக எதையும் யோசிப்பதில்லை. நீங்கள் போட்ட அதே எளிய கணக்கைச் சலிக்காமல் கோடிக்கணக்கான முறை போடுகிறது.

அந்த 400 எங்கிருந்து வந்தது?

நம் விளையாட்டில் 400 என்ற எண்ணை நாமே கொண்டுவந்து வைத்தோம். உண்மையில் அந்த வெப்பத்தைத் தருவது கருவியின் சுழற்சி.

கருவியைத் திருப்பத் தேவைப்படும் முறுக்குவிசை 40 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் வேலை, 40-ஐ 6.28-ஆல் பெருக்கினால் வரும். அது சுமார் 251 ஜூல். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் வினாடிக்கு 10 சுற்று. ஆக வினாடிக்கு 2,510 ஜூல், அதாவது ஏறத்தாழ 2,500 வாட். இதில் பெரும்பகுதி வெப்பமாக மாறித் தகட்டுக்குள் போகிறது.

இந்த வெப்பத்தில் எவ்வளவு தோளிலிருந்து வருகிறது, எவ்வளவு முளையிலிருந்து வருகிறது? டென்மார்க்கில் ஷ்மிட், ஹாட்டெல், வெர்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2004-இல் இதற்கு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தோளின் ஆரம் 9 மி.மீ., முளையின் ஆரம் 3 மி.மீ., உயரம் 4 மி.மீ. உள்ள கருவியில், நூற்றுக்கு 86 பங்கு வெப்பம் தோளிலிருந்தே வருகிறது என்றது அந்தக் கணக்கு. காரணம் எளிது. ஆரம் 3 மடங்கானால் பரப்பு 9 மடங்காகும். விளிம்பின் வேகமும் 3 மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் 27. வெப்பம் ஆரத்தின் மும்மடியோடு ஏறுகிறது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 6061 கலவையை நெடுநேரம் சூட்டில் வைத்துச் சோதித்த அளவுகளைப் பாருங்கள். அறை வெப்பத்தில் 276 மெகாபாஸ்கல் தாங்கும் உலோகம், 204 டிகிரியில் 103 மட்டுமே தாங்குகிறது. 371 டிகிரியில் வெறும் 12. சூடு ஏற ஏற உலோகம் மெத்தென்றாகிறது. மெத்தென்றானால் கருவிக்கு எதிர்ப்புக் குறைகிறது. எதிர்ப்புக் குறைந்தால் புதிதாக உண்டாகும் வெப்பமும் குறைகிறது. வெப்பம் குறைந்தால் உலோகம் மறுபடி விறைக்கிறது, எதிர்ப்பு கூடுகிறது. இப்படி இந்த வெல்டிங் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. உருகும் எல்லையைத் தாண்டாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்குப் போடுகிறவருக்கோ இது பெரிய தலைவலி. வெப்பத்தைக் கணக்கிட உலோகத்தின் வலிமை தெரிய வேண்டும். வலிமை தெரிய வேண்டுமானால் வெப்பம் தெரிய வேண்டும். எதை முதலில் போடுவது? கணினி ஓர் ஊகத்தில் தொடங்கும். ஊகித்த வெப்பத்திலிருந்து வலிமையை, அந்த வலிமையிலிருந்து வெப்பத்தை, மறுபடி வலிமையை என்று மாற்றி மாற்றிப் போட்டு, விடை அசையாமல் நிற்கும்வரை ஓயாது.

ஆற்றங்கரையும் படகும்

வெப்பம் ஒரு பாதிதான். உலோகம் எப்படி நகர்கிறது என்பது மறுபாதி. திடப்பொருள் ஓடுமா? கருவியின் பிடியில் அது மிகக் கெட்டியான திரவம்போல் நடந்துகொள்கிறது. இதைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு.

ஆற்றில் தண்ணீரின் வேகத்தை அறிய நீங்கள் கரையில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, உங்களைத் தாண்டிப் போகும் நீரைப் பார்க்கலாம். அல்லது ஒரு படகில் ஏறி நீரோடு போய்க்கொண்டே பார்க்கலாம். கணினி மாதிரியிலும் அப்படித்தான். கட்டங்களை அசையாமல் வைத்து, உலோகம் அவற்றின் வழியே ஓடுவதாகக் கணக்கிடுவது கரையில் நிற்பது. கட்டங்களும் உலோகத்தோடு சேர்ந்து நகர்வது படகில் போவது.

கரையில் நின்றால் கணக்கு சீராக ஓடும். ஆனால் உள்ளே துளை விழுகிறதா என்பதைப் பிடிப்பது கடினம். படகில் போனால் துளை தெரியும். ஆனால் முளைக்கு அருகில் கட்டங்கள் கன்னாபின்னாவென்று நசுங்கி முறுக்கிக்கொள்ளும். அப்போது கணினி பாதி வழியில் நின்று, புதிதாகக் கட்டங்கள் வரைந்துகொண்டுதான் மேலே போக முடியும். அதனால் இரண்டையும் கலந்த முறைகளும் வந்தன.

கட்டங்களே வேண்டாம், உலோகத்தைத் துகள்களின் கூட்டமாக வைத்துக்கொள்வோம் என்ற முறையும் உண்டு. இது எதற்காகப் பிறந்தது தெரியுமா? 1977-இல், விண்மீன்களைப் பற்றிக் கணக்கிட! வானத்து வாயுக்களுக்காக எழுதிய கணக்கு இன்று அலுமினியத் தையலுக்குள் ஓடுகிறது.

கணினியும் பொய் சொல்லும்

உங்கள் ஏழு கட்டங்களுக்குத் திரும்புங்கள். இந்த முறை சோம்பேறித்தனமாக ஒரு காரியம் செய்வோம். நேரத்தைத் தாண்டித் தாண்டிப் போனால் சீக்கிரம் முடியுமே! ஒரு வரிக்கு 4 மடங்கு நேரம் என்று வைத்தால் விதி இப்படி மாறும்: இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கூட்டி, தன் எண்ணைக் கழி. நடுவில் 400 வைத்துப் போட்டுப் பாருங்கள்.

0, 0, 400, -400, 400, 0, 0

சூடாக்கிய இடம் அறை வெப்பத்தைவிட 400 டிகிரி குளிர்ந்துவிட்டதாம்! அடுத்த வரி இன்னும் மோசமாகும். மொத்தத்தைக் கூட்டினால் அப்போதும் 400 வருகிறது. கூட்டல் பிழையில்லை, கணினி கெடவில்லை. நாம் வைத்த அடிதான் பெரிது. கணினி இதையும் வண்ண வண்ணப் படமாக அழகாகக் காட்டிவிடும். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக விடை சரி என்று நம்பக் கூடாது.

அப்படியானால் கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாமா? கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால், முப்பரிமாணத்தில் ஒரு பெட்டி 8 பெட்டிகளாகும். இந்த வகைக் கணக்கில் நேர அடியும் நான்கில் ஒரு பங்காக வேண்டும். 8-ஐ 4-ஆல் பெருக்கினால் 32. ஒரு நாளில் முடிந்த கணக்குக்கு ஒரு மாதம் ஆகும்! எங்கே நுணுக்கம் தேவையோ அந்த முளையின் அருகில் மட்டும் சிறு பெட்டிகளை வைப்பதுதான் கணினி மாதிரி செய்கிறவர்களின் சாமர்த்தியம்.

இன்னொரு சிக்கல், தோளுக்கு அடியில் உலோகம் வழுக்குகிறதா, ஒட்டிக்கொண்டு கூடவே சுழல்கிறதா என்பது. இரண்டும் கலந்தே நடக்கும். எந்த அளவில் கலக்கும் என்பது இடத்துக்கு இடம், நொடிக்கு நொடி மாறும். அதை ஒரே எண்ணில் அடக்குவது மாதிரிகளின் பலவீனமான இடம்.

தீர்ப்பு சொல்வது உலோகம்

ஆகவே எந்த மாதிரியும் உலோகத்தின் முன் தேர்வு எழுதியே ஆக வேண்டும். தகட்டில் சிறு துளைகள் போட்டு, வெப்பத்தை அளக்கும் மெல்லிய கம்பிகளான தெர்மோகப்பிள்களைப் பதித்து வெல்டிங் செய்வார்கள். அவை காட்டும் வெப்பமும் மாதிரி சொன்ன வெப்பமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள்.

உலோகம் எப்படி நகர்ந்தது என்பதை எப்படிப் பார்ப்பது? காலிகன் என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட சோதனை சுவையானது. அலுமினியத் தகட்டில் கோடு கிழித்து, அதில் மிகச் சிறிய எஃகு உருண்டைகளை வரிசையாக வைத்தார். வெல்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே கருவியைச் சட்டென்று நிறுத்தினார். பிறகு எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். எஃகு, அலுமினியத்தைவிட அடர்த்தியானது, அதனால் உருண்டைகள் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. எல்லா உலோகமும் கிளறப்படுவதில்லை, கணிசமான பகுதி முளையின் ஒரு பக்கமாக வெறுமனே பிதுங்கிப் பின்னால் போகிறது என்று அந்த உருண்டைகள் சொல்லிவிட்டன. அதன்பின் வந்த மாதிரிகள் இதையும் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் மாதிரியைத்தான் திருத்த வேண்டும்.

தையலைவிடப் பக்கம் பலவீனம்

தேர்வில் தேறிய மாதிரி எதற்குப் பயன்படும்? ஓர் உதாரணம் பாருங்கள். 6061 கலவையின் வலிமைக்குக் காரணம், அதனுள் தூவியதுபோல் இருக்கும் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்துகள்கள். பல மணி நேரம் பக்குவமாகச் சூடாக்கி அவற்றை உண்டாக்குகிறார்கள். வெல்டிங்கின்போது தையலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள இடம் கிளறப்படுவதில்லை, ஆனால் சூடாகிறது. அந்தச் சூட்டில் நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து பருத்துவிடும். எண்ணிக்கை குறையும், வலிமையும் குறையும். இழுத்துச் சோதித்தால் பெரும்பாலும் தையலில் அறாமல், பக்கத்தில் உள்ள அந்த இடத்திலேயே அறும்.

எந்த இடம் எத்தனை நொடி எந்த வெப்பத்தில் இருந்தது என்று தெரிந்தால் துகள்கள் எவ்வளவு பருத்திருக்கும் என்று கணக்கிடலாம். அதிலிருந்து வலிமையைச் சொல்லலாம். வேகத்தைக் கூட்டினால் சூடு பரவ நேரமில்லாமல் பலவீனமான பட்டை குறுகும், ஆனால் மிஞ்சினால் சுரங்கத் துளை விழும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று மாதிரி வழிகாட்டும்.

இந்த வேலை நம் பக்கத்திலும் நடக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருள்களை இணைப்பதற்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. அலுமினியக் கலவைகளில் உராய்வுக் கிளறல் வெல்டிங் பற்றி அங்கிருந்து ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பெரியவர்களானதும் உங்களில் யாராவது அந்த மாதிரி இடங்களில் இதே கட்டங்களோடு மல்லுக்கட்டலாம்.

அதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். நம் விதிப்படி நடுவில் 400 வைத்துத் தொடர்ந்து போட்டால், நான்காம் முறையில் வெப்பம் ஏழாம் கட்டத்தின் ஓரத்தைத் தாண்ட முயலும். அங்கே தகடு முடிந்துவிட்டது. காற்றுக்கும் வெப்பம் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் விதியை எப்படி மாற்றி எழுத வேண்டும்? யோசித்து எழுதி, பத்து வரிகள் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் மொத்தமும் 400 ஆகவே இருந்து, எந்தக் கட்டத்திலும் கழித்தல் குறி வராவிட்டால், உங்கள் விதி முதல் தேர்வில் தேறிவிட்டது.